தை மாதத்து மழை

பெரியோர்களே, தாய்மார்களே, கடைமடையிலிருந்து வந்திருக்கும் விவசாயிகளே, வணக்கம்.

ஜூன் 12 என்றால் நம் டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மேட்டூர் திறக்கும் நாள். குறுவையும் சம்பாவும் அந்தத் தேதியை நம்பித்தான். 2023-இல் தேதி தவறாமல் திறந்தார்கள். மேலே மழை பொய்த்து, பாதியில் தண்ணீரில்லாமல் குறுவை கருகியது. 2024-இல் திறந்ததே ஜூலை 28-இல். இதற்குப் பயந்துதான் நம்மில் பலர் நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்குப் போனோம். அதனால் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களின் கூலி போயிற்று. அந்த நஷ்டம் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் பிடிக்கும். ஒரு வாரத்து மழை ஒரே இரவில் கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐப்பசியில் இளம்பயிர் மூழ்கினால்கூடத் தேற்றிவிடலாம், சி.ஆர். 1009 சப் 1 ரகம் இரண்டு வாரம் வரை தாங்கும். கதிர் முற்றித் தலை சாய்ந்த சம்பாவைத் தை மாதத்து மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

2021 ஜனவரியில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெய்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து வயலிலேயே முளைவிட்டதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சேற்றில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்கு வாடகையும் கூடுதல், அறுக்கும் நேரமும் கூடுதல். அப்படியும் அறுத்துக் கொண்டுபோனால், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். நெல்லைத் தார்ச்சாலையில் பரப்புவோம், மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் மூடுவோம். 2023-இல் வரம்பை 20 ஆகத் தளர்த்தினார்கள், நன்றி. ஆனால் மனுக் கொடுத்து, குழு வந்து பார்த்து, ஆணை வரும்வரை குவியலுக்குப் பக்கத்தில் விழித்துக் கிடந்தவன் விவசாயி. தையில் மழை வரும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். தளர்வு ஆணை முன்கூட்டியே இருக்கட்டும். கொள்முதல் நிலையங்களில் நெல் உலர்த்தும் இயந்திரம் நிற்கட்டும்.

அந்த ஆண்டு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அது யார் கைக்குப் போயிற்று? நம் பக்கம் பாதிக் குத்தகை வாய்மொழிதான். நகையை அடகு வைத்து விதை வாங்கியவர் ஒருவர், யார் சாகுபடி செய்கிறார் என்று கிராமத்தில் எழுதும் அடங்கல் கணக்கில் பெயர் இன்னொருவருக்கு. பெயர் இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை, பயிர்க் காப்பீடும் இல்லை.

ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். சாகுபடி செய்கிறவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும் என்று முதலில் எழுந்து சொல்கிறவர் நிலத்துக்காரராக இருக்கட்டும். குத்தகைக்காரர் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் அவருக்கு இருக்கிறது.