பதினைந்தில் பார்த்த பிள்ளை
(பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஒலிபெருக்கியும் நீர்மோரும் தந்து உதவிய அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, குறுவை நடவைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள்: பெண்பிள்ளையின் குணத்தை அளப்பது எப்படி, அது எவ்வளவு நிலைக்கும், வீடு என்ன செய்யலாம்.

1974-இல் சாண்ட்ரா பெம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வினாத்தாள் வெளியிட்டார். 60 குணங்கள். தலைமை, துணிவு போல ஆணுக்குரியதாகக் கருதப்பட்டவை 20, பரிவு, கனிவு போல பெண்ணுக்குரியதாகக் கருதப்பட்டவை 20, பொதுவானவை 20. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை தனக்குத் தானே மதிப்பெண். ஆண் குணத்துக்கும் பெண் குணத்துக்கும் சராசரி தனித்தனியே என்பதால் ஒரே பெண் இரண்டிலும் உயர்ந்து நிற்கலாம்.

தவறு எங்கே வருகிறது? சராசரிக்கு ஒரு நடுக்கோடு போட்டு, மேலே இருந்தால் ஒரு வகை, கீழே இருந்தால் வேறு வகை என்று பிரிப்பதில். கோடு 4.9 என்று வையுங்கள். ஒன்பதாம் வகுப்பில் 4.8 எடுத்தவள் பதினொன்றில் 5.0 எடுத்தால், “குணமே மாறிப்போச்சு” என்கிறோம். மாறியது 0.2தான். வகையை விட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது நிரப்பச் சொல்லாதீர்கள்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” 2000-இல் ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ என்ற இரண்டு உளவியலாளர்கள் பொதுவான ஆளுமைக் குணங்களைப் பற்றிய நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஒரே ஆட்களைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளக்கும்போது, யாருக்கு மேல் யார் என்ற வரிசை கொஞ்சமும் மாறாமல் இருந்தால் 1. குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, ஐம்பதுக்கு மேல் 0.74. பதினைந்து வயது இன்னும் வளைகிற வயது!

திருவையாறு பக்கம் சொல்லும் கதை ஒன்று. “எம் பொண்ணு வாயே தொறக்க மாட்டா சார்” என்பார் ஒரு தாய். அந்தப் பெண் சோத்துத் தூக்கோடு வயலுக்குப் போனாள். பண்ணையார் நட்ட நிலத்தை மாக் கணக்கில் அளந்து கூலி போடுகிறார் (மா என்பது நில அளவு): “ஆறு மாதானே?” வரப்பில் நின்றபடி அந்தப் பெண், “ஏழுங்கய்யா. மேலண்டை வரப்புக்கு அந்தாண்ட நட்டத விட்டுட்டீங்க.” நாத்து முடியைப் போட்டுவிட்டு நடவாள் எல்லாரும் நிமிர்ந்தார்களாம். அவருக்கு வேறு வழியில்லை, ஏழுக்குக் கொடுத்தார். தாய் மட்டும் கேட்டாராம், “இது யாரு பொண்ணு?”

குணம் வயலில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஐந்தில் வளையாதது என்கிறோமே, வளைய இடம் வேண்டாமா? பள்ளி முடிந்து பெண்பிள்ளை பந்தாட்டத்துக்கு நின்றால் கடைசிப் பேருந்து போய்விடுகிறது. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வண்டிதான் இல்லை.

வீடு செய்ய வேண்டியதை அடுத்த கூட்டத்தில் பேசலாம். ஆறு மணிப் பேருந்து கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட்டுத் தொடங்கி வைப்பார்கள்.