கோப்பை இமோகிலிக்கு, மன்ஸ்டர் வாய்ப்பு சார்ஸ்ஃபீல்ட்ஸுக்கு: இது எப்படி?

வணக்கம். போன வீடியோவில் அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நடக்கும் கிளப் ஹர்லிங் போட்டியைப் பற்றிப் பேசியிருந்தேன். ஹர்லிங் என்பது மட்டையும் சிறு பந்தும் வைத்து அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் அயர்லாந்து விளையாட்டு. அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "2024 இறுதிப் போட்டியில் இமோகிலி ஜெயித்தது, சார்ஸ்ஃபீல்ட்ஸ் தோற்றது என்று சொன்னீர்கள். ஆனால் அடுத்த கட்டமான மன்ஸ்டர் மாகாணப் போட்டியில் கார்க் சார்பாகப் போனது சார்ஸ்ஃபீல்ட்ஸ். ஜெயித்தவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தோற்றவர்களை அனுப்புவது என்ன நியாயம்? அப்புறம், 3-20, 2-19 என்று ஸ்கோர் போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது?"

நல்ல கேள்வி. ஸ்கோரை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ஹர்லிங் கோல்கம்பம் ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே, வலைக்குள் பந்து போனால் கோல். கோல் நடுவர் பச்சைக் கொடியை ஆட்டுவார். குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் பாயின்ட், அதற்கு வெள்ளைக் கொடி. ஒரு கோலுக்கு மூன்று பாயின்ட் மதிப்பு. 3-20 என்றால் மூன்று கோல், இருபது பாயின்ட். மூன்றை மூன்றால் பெருக்கி இருபதைச் சேர்த்தால் 29. 2-19 என்றால் 25. வித்தியாசம் நான்கு. அவ்வளவுதான். நீங்கள் எடுத்துக்காட்டிய அந்த ஸ்கோருக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன், அதற்கும் உங்கள் முதல் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இப்போது பெரிய கேள்வி. சுருக்கமான பதில் இதுதான்: இமோகிலி ஒரு கிளப் அல்ல. இங்கே சொல்லும் மன்ஸ்டர் போட்டியும் அதற்கு மேலே உள்ள அகில அயர்லாந்து கிளப் போட்டியும் கிளப்புகளுக்கு மட்டுமே உரியவை. அதனால் இமோகிலி ஜெயித்தாலும் அதற்கு மேல் போக முடியாது. இறுதிப் போட்டியில் தோற்ற கிளப்புக்கு அந்த இடம் போகிறது. இந்தப் பதிலோடு நிறுத்தினால் விதி மட்டும் புரியும், அது ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹர்லிங்கில் எல்லாமே ஊரிலிருந்து தொடங்குகிறது. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஊருக்கும், பெரும்பாலும் தேவாலயப் பங்கு ஒன்றுக்கு ஒன்று என்று கிளப்புகள் உருவாயின. பெரும்பாலும் பிறந்த ஊருக்குத்தான் ஆடுவார்கள். சம்பளம் கிடையாது. வாரநாளில் ஆசிரியராகவோ தச்சராகவோ மின்பணியாளராகவோ இருப்பவர், மாலையில் ஆஷ் மரத்தில் செய்த ஹர்லி மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார். முதல் அகில அயர்லாந்து ஹர்லிங் போட்டி 1887க்கானது. கவுண்டியின் கிளப்புகளிலிருந்து சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அமைக்கும், கவுண்டி அணி என்று இன்று நாம் சொல்வது, அதில் கிடையாது. கவுண்டியில் ஜெயித்த கிளப்பே அந்தக் கவுண்டியின் பெயரில் போகும். இறுதிப் போட்டி 1888 ஏப்ரல் 1 அன்று பர் ஊரில் நடந்தது. திப்பரரி சார்பாக வந்தது தர்லஸ், கால்வே சார்பாக வந்தது மீலிக். தர்லஸ் ஜெயித்தது. கார்க் கவுண்டிப் போட்டியும் அதே 1887ல்தான் தொடங்கியது. ஆகவே 'கவுண்டி சாம்பியன்' என்ற சொல்லுக்கு அங்கே உள்ள எடை வேறு. கவுண்டியின் பெயரைத் தன் முதுகில் சுமக்கும் கிளப் என்று அர்த்தம்.

சரி, இமோகிலி எங்கிருந்து வந்தது? கார்க் பரப்பளவில் அயர்லாந்தின் மிகப் பெரிய கவுண்டி. கிளப்புகள் ஏராளம். எல்லோரும் ஒரே தரத்தில் ஆட முடியாது. மேலே பன்னிரண்டு கிளப்புகள், அதற்குக் கீழே தரம் தரமாக இறங்கிக்கொண்டே போகும். சிற்றூர்க் கிளப் ஒன்றில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் இருவர் மூவர் இருக்கலாம். பதினைந்து பேர் கிடைக்க மாட்டார்கள். அந்த இருவரும் வாழ்நாள் முழுக்கக் கீழ்த்தரத்திலேயே ஆடி ஓய்வுபெற வேண்டியதுதானா? அதற்கு கார்க்காரர்கள் கண்ட வழி பிரிவு அணி. கவுண்டியைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியில் கீழ்த்தரங்களில் ஆடும் கிளப்புகளிலிருந்து வீரர்களைத் திரட்டி ஒரு அணி. அவான்டூ, கார்பரி, மஸ்கெரி, டூஹாலோ என்று இப்படிப் பல. கிழக்கு கார்க்கின் அணிதான் இமோகிலி. இவற்றோடு கல்லூரி அணிகளும் உண்டு. இவர்களுக்குள் தனியாக ஒரு சுற்று நடக்கும், அதில் தேறி வருகிறவர்கள் நாக்அவுட் கட்டத்தில் பெரிய கிளப்புகளோடு சேர்ந்துகொள்வார்கள். உயர்ந்த தரத்தில் தன் சொந்த கிளப்புக்கு ஆடுகிறவர் பிரிவு அணிக்கு ஆட முடியாது.

இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது ஒரே ஒரு ஊரின் கதையால். அதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் முழுமையாகாது.

ஊரின் பெயர் க்ளாய்ன். கிழக்கு கார்க்கில் ஒரு சிற்றூர். பழைய வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது, எதிரே தேவாலயம். தத்துவஞானி ஜார்ஜ் பார்க்லி பிஷப்பாக இருந்தது அங்கேதான். ஆனால் ஹர்லிங் ரசிகர்களைக் கேட்டால் பார்க்லியைச் சொல்ல மாட்டார்கள். கிறிஸ்டி ரிங் பிறந்த ஊர் என்பார்கள். ஹர்லிங் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. அவருக்கு ஊரிலே சிலை உண்டு. ஆனால் ரிங் வென்ற 14 கார்க் கவுண்டிப் பட்டங்களில் ஒன்றுகூட க்ளாய்னுக்கு வந்ததல்ல. அத்தனையும் கார்க் நகரத்து க்ளென் ரோவர்ஸ் கிளப்போடு வென்றவை. ஊரை விட்டு நகரத்துக் கிளப்புக்குப் போனவருக்குத்தான் அந்த மேடை கிடைத்தது. அப்போதைய நிலைமை அப்படி. க்ளென் ரோவர்ஸ், பிளாக்ராக், செயின்ட் ஃபின்பார்ஸ் ஆகிய மூன்று நகரத்துக் கிளப்புகள்தான் கார்க்கை ஆண்டன. க்ளென் ரோவர்ஸ் 1934லிருந்து 1941வரை தொடர்ந்து எட்டு முறை ஜெயித்தது.

அரை நூற்றாண்டு கழித்து அதே க்ளாய்னிலிருந்து இருவர் வந்தார்கள். கோல்கீப்பர் டோனல் ஓக் குசாக், அவருக்கு முன்னால் ஃபுல் பேக் இடத்தில் டர்மட் ஓ'சல்லிவன். இவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1997ல் இமோகிலி கவுண்டிப் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார்கள். ரிங்குக்கு க்ளென் ரோவர்ஸ் எதைக் கொடுத்ததோ, இவர்களுக்கு அதை இமோகிலி கொடுத்தது.

இதில் இன்னொரு சங்கதி. கார்க்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கவுண்டி சாம்பியன் எதுவோ, அடுத்த ஆண்டு கார்க் கவுண்டி அணியின் கேப்டனை அவர்கள்தான் நியமிப்பார்கள். 1998லும் சாம்பியன் இமோகிலி. அதனால் 1999ல் கார்க் கேப்டன், இமோகிலி பகுதியைச் சேர்ந்த கில்லா என்ற சிற்றூர்க்காரர் மார்க் லேண்டர்ஸ். அந்த ஆண்டு கவுண்டி அணிகளுக்கான அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் கில்கென்னி கவுண்டியை 0-13, 0-12 என்று கார்க் தோற்கடித்தது. பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட இல்லை, ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் கோப்பையை உயர்த்தியது கில்லாக்காரரின் கை. பிரிவு அணி என்ற ஒன்று இல்லாவிட்டால் அந்த வழியில் அவருக்குக் கேப்டன் பதவி வந்திருக்காது.

பிறகு க்ளாய்ன் கிளப்பே தரம் உயர்ந்தது. சொந்தப் பெயரில், சொந்தச் சட்டையில், 2004ல் கவுண்டி இறுதிப் போட்டிக்கு வந்தது. நா பியர்சியிடம் தோற்றது. 2005ல் மறுபடி வந்தது. நியூடவுன்ஷான்ட்ரமிடம் தோற்றது. 2006ல் மூன்றாவது முறை. எரின்ஸ் ஓன் அணியிடம் தோற்றது. குசாக்கையும் ஓ'சல்லிவனையும் நினைத்துப் பாருங்கள். 2004, 2005 இரண்டு ஆண்டும் கார்க் அணியோடு நாட்டின் மிகப் பெரிய கோப்பையை வென்றவர்கள். அதே ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பி வந்து, சின்ன வயதிலிருந்து கூட ஆடியவர்களோடு கவுண்டி இறுதியில் தோற்று நின்றார்கள். க்ளாய்னுக்கு இன்றுவரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கிறிஸ்டி ரிங்கைப் பெற்ற ஊர்! அந்த ஊரின் பிள்ளைகளுக்குக் கவுண்டிப் பட்டம் வந்தது இமோகிலிச் சட்டையில்தான்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும், அதில் உண்மை இருக்கிறது. ஒரு கிளப் தன் ஊர்க்காரர்களை வைத்து ஆடுகிறது. பிரிவு அணி ஒரு முழுப் பகுதியையே சல்லடை போட்டு ஆள் எடுக்கிறது. இது சமமான ஆட்டமா என்று கேட்கிறார்கள். இமோகிலி 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தபோது அந்தக் குரல் பலமாகவே கேட்டது. அதிலும் 2018ல் தோற்றது மிடில்டன். அந்த ஊர் இமோகிலிப் பகுதிக்கு உள்ளேயே இருக்கிறது! தங்களைச் சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து தங்களைத் தோற்கடித்தால் வலிக்கத்தான் செய்யும். சார்ஸ்ஃபீல்ட்ஸும் அப்படித்தான். கார்க் நகரத்தை ஒட்டிய க்ளான்மயர் கிளப் அது, அதுவும் கிழக்கு கார்க் பகுதியில் அடங்கியது. 2024 இறுதிப் போட்டி ஒருவகையில் அக்கம்பக்கத்து வீட்டுச் சண்டை.

ஆனால் பிரிவு அணிக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. கிளப் வீரர்கள் வருடம் முழுக்க ஒன்றாகப் பயிற்சி செய்கிறார்கள். பிரிவு அணி வீரர்களோ முதலில் தங்கள் தங்கள் கிளப்புக்கு ஆட வேண்டும், போன ஞாயிறு எதிரெதிரே நின்று முட்டிக்கொண்டவர்கள் இந்த வாரம் ஒரே சட்டை போட வேண்டும். சேர்ந்து பழக அவர்களுக்குக் கிடைக்கும் மாலைகள் கொஞ்சம். திறமை இருந்தும் எத்தனையோ பிரிவு அணிகள் ஒன்றுமில்லாமல் போனது இதனால்தான். இத்தனைக்கும் மேலே, ஜெயித்தாலும் மன்ஸ்டர் கிடையாது என்ற விலையையும் கொடுக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், இந்த ஏற்பாடு இருக்கத்தான் வேண்டும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல வீரர் கவுண்டியின் பெரிய நாளைப் பார்க்காமல் போகக் கூடாது.

பக்கத்து கவுண்டியான கெர்ரியிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே அது கேலிக் கால்பந்தில். அங்கே ஈஸ்ட் கெர்ரி என்ற பிரிவு அணி 2019, 2020, 2022, 2023 என்று பட்டத்தை அள்ளியது. அங்கே கிளப்புகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு போட்டி வைத்து, பிரிவு அணி கவுண்டிப் பட்டம் வென்றால் அந்தக் கிளப் போட்டியில் ஜெயித்தவர்களை மன்ஸ்டருக்கு அனுப்புகிறார்கள். கார்க் ஹர்லிங்கில் இறுதியில் தோற்ற கிளப்புக்கே கதவு திறக்கிறது. 2017ல் பிளாக்ராக்கும் 2019ல் க்ளென் ரோவர்ஸும் இப்படித்தான் போனார்கள்.

இனி நீங்கள் கேட்ட 2024. சார்ஸ்ஃபீல்ட்ஸ் 1957ல் ஒரு பட்டம் வென்று, அடுத்ததற்கு 2008வரை 51 ஆண்டுகள் காத்திருந்த கிளப். 2023ல் கார்க் சாம்பியனாக மன்ஸ்டருக்குப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். 2024 அக்டோபரில் இமோகிலியிடம் தோற்றார்கள். இறுதிப் போட்டியில் தோற்ற அணி சில வாரத்தில் மறுபடி எழுந்து நிற்பது லேசான காரியம் அல்ல. டிரஸ்ஸிங் ரூமில் தலை குனிந்து உட்கார்ந்தவர்களிடம் போய், 'அடுத்த மாதம் இன்னொரு மேட்ச் இருக்கிறது, பயிற்சிக்கு வாருங்கள்' என்று சொல்ல வேண்டும். வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் தர்லஸில் மன்ஸ்டர் இறுதிப் போட்டி. எதிரே வாட்டர்ஃபோர்டின் பாலிகன்னர், முந்தைய மூன்று ஆண்டும் மன்ஸ்டரை வென்ற அணி, நான்காவதைத் தேடி வந்திருந்தது. முடிவு 3-20, 2-19. உங்கள் கேள்வியில் இருந்த அதே ஸ்கோர். 29க்கு 25. சார்ஸ்ஃபீல்ட்ஸின் முதல் மன்ஸ்டர் பட்டம்!

அதற்குப் பிறகு அகில அயர்லாந்து கிளப் அரையிறுதியில் ஸ்லாட்நீல் கிளப்பை வென்று க்ரோக் பார்க் வரை போனார்கள். அகில அயர்லாந்து கிளப் இறுதிக்கு ஒரு கார்க் கிளப் வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 ஜனவரியில் டப்ளினின் நா ஃபியனா அவர்களைத் தோற்கடித்தது.

இப்போது பதிவேட்டைப் பார்த்தால் கார்க் சாம்பியன்கள் வரிசையில் 2024க்கு நேரே இமோகிலி, அவர்களுடைய ஆறாவது பட்டம். மன்ஸ்டர் கிளப் சாம்பியன்கள் வரிசையில் அதே 2024க்கு நேரே சார்ஸ்ஃபீல்ட்ஸ். இரண்டும் சரி. அந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து யாராவது அச்சுப்பிழை என்று சொன்னால், க்ளாய்ன் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.