எண்ணெய்க்கு முன் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் என் தந்தையார் துப்பாக்கி பழுது பார்த்தார். இப்போது நான் பார்க்கிறேன். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியைக் கொண்டுவருபவர்கள், "சுட்டதும் எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்" என்பார்கள். உள்ளே பார்த்தால் துரு. எண்ணெய் போட்டது தவறில்லை; அதற்கு முன் தண்ணீர் ஊற்றாததுதான் தவறு.

மூடுபனி ஓயாத ஊரில் இரும்புக்குத் தண்ணீரா என்று முகம் சுளிப்பார்கள். இந்தத் துப்பாக்கியில் கெட்டிக்கும் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். அது எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போகும். மீதி குழலில் அப்பிக்கொள்ளும். அதில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள். ஆடி மாதத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான் குழலுக்குள்ளும். உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பூசுவது, ஈரத்தை உள்ளே வைத்து மூடி போடுவதுதான்.

கழுவும் முன் ஒரு சோதனை. கேப், அதாவது சுத்தி அடித்ததும் பொறி தட்டும் சின்ன மூடி, இருந்தால் எடுத்துவிடுங்கள். கெட்டிக்கும் கம்பியைக் குழலில் விட்டு, வாயருகே விரலால் பிடித்து எடுத்து, வெளியே குழலோடு ஒட்டி அளந்து பாருங்கள். அடிவரை எட்டவில்லையா? உள்ளே மருந்து இருக்கலாம், நோண்டாதீர்கள். பரணில் பல ஆண்டு கிடந்த மருந்தும் வெடிக்கும்.

சுட்ட அன்றே கழுவ வேண்டும். கேப் உட்காரும் சிறு துளைக்குமிழான நிப்பிளைக் கழற்றிவிட்டு, கட்டையிலிருந்து பிரித்த குழலின் அடிப்பக்கத்தை வெந்நீர் வாளியில் நிறுத்துங்கள். கம்பி நுனியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால், நிப்பிள் துளை வழியே குழல் தானாகத் தண்ணீர் குடிக்கும். முதலில் மை போலக் கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். தெளியும்வரை விடாதீர்கள். ரைபிளாக இருந்தால் சுருள் பள்ளங்களில் கசடு ஒளிந்திருக்கும்; கூடுதல் பொறுமை வேண்டும். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது போதும், சூடேறிய குழல் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும். உலர்ந்த துணி விட்டுத் துடைத்தபிறகுதான் எண்ணெய், அதுவும் மெல்லிய பூச்சு. மறுநாள் வெள்ளைத் துணி செம்பழுப்பாக வந்தால் மறுபடியும் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

இதெல்லாம் உரிமம் உள்ளவர்களுக்கு. பாட்டன் காலத்துத் துப்பாக்கிக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உண்டு.

தோல் உறை பார்க்க அழகுதான், ஆனால் நம் மலையில் அது ஈரத்தைக் கட்டிக்காக்கும். உறையை ஆணியில் மாட்டுங்கள். துப்பாக்கியை, எண்ணெய் வடிந்து கட்டையில் ஊறாதபடி, வாய் கீழாகச் சாய்த்துப் பூட்டி வையுங்கள். வணக்கம்.