எதற்குக் கட்டணம் வாங்குகிறோம்?

வணக்கம் நேயர்களே. நான் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன், கல்யாண வீடுகளிலும் பாடுகிறேன். ஆள் நேரில் போய் நின்றால்தான் வருமானம் என்ற தொழில். அப்படிப்பட்ட வேலை ஒரே நாளில் நின்றுபோனால் என்ன செய்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் சிங்கப்பூர்ப் பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். 7ஆம் தேதி முதல் கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை, அதாவது பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்க வேண்டிய முடக்கம். அது ஜூன் 1 வரை நீடித்தது. ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பி நம்மில் எத்தனை குடும்பங்கள்! மணவறை அலங்காரம் செய்பவர், மருதாணி போடுபவர், ஒப்பனை செய்பவர், படம் எடுப்பவர், நாதசுவரம், தவில் வாசிப்பவர்கள் என்று ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் இத்தனை வீட்டிலும் அடுப்படி வரை தெரியும்.

அப்போது முடிந்தவர்கள் எல்லாம் நேரில் செய்ததை அப்படியே திரைக்கு மாற்றப் பார்த்தோம். பாட்டு வகுப்பில் அது முதல் பாடத்திலேயே இடித்தது. ஸூம் போன்ற செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே சீராகத் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். தம்புரா அப்படித்தானே ஒலிக்கும்? பிள்ளை மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில் நின்று கார்வை கொடுத்து நீட்டினால், பாதியிலேயே எனக்குக் குரல் காணாமல் போகும். உள்ளே தேடிப்போய் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போட்டால் இது ஓரளவு சரியாகும்.

ஒலி தாமதமாக வந்து சேர்வதைச் சரிசெய்யத்தான் வழி இல்லை. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்தாலே இரண்டு பேர் தாளத்தோடு சேர்ந்து பாட முடியாது. ஐந்தாறு பிள்ளைகள் ஒன்றாக அலங்காரம் என்ற தாளப் பயிற்சியைப் பாடினால் வகுப்பு சந்தைக்கடைதான். நம்முடைய பாடமுறையே குரு பாட, கூடவே சேர்ந்து பாடுவது. அந்த 'கூடவே' போய்விட்டது.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் வழி கிடைத்தது. நேரில் வந்தபோது பெற்றோர் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தார்கள் என்று நானும் நினைத்திருந்தேன், அவர்களும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவர்கள் கொடுத்தது என் காதுக்கு. தப்பு எங்கே என்று பிடித்துச் சொல்லும் காதுக்கு. அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் வகுப்பைப் பிரித்தேன். பிள்ளைகள் கைப்பேசியில் பாடிப் பதிவு செய்து அனுப்புவார்கள். தாளம் போடும் கை படத்தில் தெரிய வேண்டும், அது கண்டிப்பு. இரவு நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன். 'மாயாமாளவகௌளை ராகத்தில் இரண்டாவது வரி இறங்கும்போது உன் தைவத சுரம் தாழ்ந்துவிடுகிறது, அங்கே நின்று பாடிப்பார்' என்று குரல்பதிவில் பாடிக்காட்டித் திருப்பி அனுப்புவேன். நேரில் நடந்த குழு வகுப்பில் அந்தத் தைவதம் மற்றக் குரல்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். பதிவில் ஒளிய இடமில்லை. அனுப்புவதற்கு முன் பிள்ளைகள் தாங்களே நாலு தடவை பாடிப்பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாதகம் செய் செய் என்று வருஷக்கணக்கில் சொல்லியும் நடக்காதது, ஒரு பதிவுப் பொத்தானால் நடந்தது.

இப்போது கட்டணத்துக்கு வருகிறேன். "ஆன்லைன்தானே டீச்சர், பாதி எடுத்துக்கோங்களேன்" என்று பெற்றோர் கேட்டார்கள். அவர்களுக்கும் வருமானம் ஆட்டம் கண்ட நேரம், கேட்டதில் தப்பில்லை. கஷ்டம் என்று சொன்ன குடும்பங்களுக்குக் குறைத்தேன். மற்றபடி குறைக்கவில்லை. பத்துப் பதிவுகளைத் தனித்தனியாகக் கேட்டுத் திருத்துவது ஒரு மணி நேர வகுப்பைவிட அதிக வேலை, அதை வேலை என்று சொல்ல நாம் கூச்சப்படக் கூடாது. அந்த மாதங்களில் நம் கலைஞர்கள் தினம் ஒரு நேரலை என்று இலவசமாகப் பாடினார்கள், ஆடினார்கள். மனம் தளர்ந்த ஊருக்கு அது ஆறுதல்தான். ஆனால் அதையே மாதக்கணக்கில் செய்தால், திரையில் வருவதற்குக் காசு கிடையாது என்று ஊரைப் பழக்கிவிடுகிறோம். எனக்கு இதில் இன்னும் ஆதங்கம் உண்டு.

கல்யாண வேலையில் மாற்றம் வேறு மாதிரி வந்தது. மலேசியா 2020 மார்ச் 18 முதல் எல்லையை மூடியதால், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் தாய்மாமன்கூட வர முடியவில்லை. மே மாதம் காணொளி வழியே பதிவுத் திருமணம் செய்துகொள்ளச் சட்டமே வந்தது. அப்புறம் கல்யாணத்துக்கு ஆகஸ்ட்டில் 50 பேர் வரை, அக்டோபரில் 100 பேர் வரை வரலாம் என்று மெல்லத் தளர்த்தினார்கள். படம் எடுப்பவர்களில் சூட்டிப்பானவர்கள் நேரலையைக் கற்றுக்கொண்டார்கள். ஐயர் மந்திரம் சொல்வது தனி மைக்கில் தெளிவாகக் கேட்க வேண்டும், தாலி கட்டும் நேரத்தில் இணையம் அறுந்துவிடக் கூடாது என்று இரண்டு சிம் அட்டைகள். இது படம் எடுப்பதோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கும் வேலை கிடையாது. தனி வேலை, தனி விலை.

எல்லாருக்கும் இப்படி மாற வழி இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். பாடுவதற்கும் ஊதும் வாத்தியங்களுக்கும் நீண்ட நாள் கட்டுப்பாடு இருந்தது. நாதசுவரக்காரர் திரைக்கு எதைக் கொண்டுபோவார்? கெட்டிமேளத்தைப் பதிவு செய்து அனுப்பவா? அவரைப் பார்த்து 'காலத்துக்கு ஏற்ப மாறுங்கள்' என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது. அங்கே தேவைப்பட்டது பண உதவி. தகுதி பெற்ற சுயதொழில் செய்பவர்களுக்கு மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் ஒன்பது மாதத்துக்கு அரசாங்கம் கொடுத்தது. மே, ஜூலை, அக்டோபர் என மூன்று தவணை. வருமானத்தை ஒழுங்காகக் கணக்குக் காட்டி வந்தவர்களுக்கு அது சிரமமில்லாமல் வந்தது. ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே செலவழித்தவர்கள், 'இதுதான் என் தொழில்' என்று காட்டத் தாள் தேடி அலைந்தார்கள். அதனால் சிறு தொகையானாலும் பேநவ் என்ற மின்வழிப் பணப் பரிமாற்றம் மூலம் வாங்குங்கள், ரசீது கொடுங்கள்.

இன்னொன்று முன்பணம். கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் அதே ஏப்ரலில் வந்தது. கிருமிப் பரவலால் நடத்த முடியாமல் போன கல்யாணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு அதில் பாதுகாப்பு இருந்தது. வாங்கிய முன்பணத்தைச் சட்டென்று 'திருப்பித் தர முடியாது' என்று வைத்துக்கொள்ள வழியில்லை. வாய்வார்த்தையில் தேதி பேசியவர்கள் பலர் அப்போது வாடிக்கையாளரோடு மனஸ்தாபப்பட்டார்கள். ஒரு பக்கம் போதும், எழுதி வையுங்கள். தேதி தள்ளிப்போனால் முன்பணம் எத்தனை மாதம் செல்லும், அலங்காரத்துக்குப் பூ வாங்கிய பிறகு ரத்தானால் அந்தச் செலவு யாருடையது, நேரலை வேண்டுமென்றால் கூடுதலாக எவ்வளவு. எழுதியதை இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தை முகூர்த்தங்களுக்கு விசாரிக்க வருபவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம்.

நன்றி, வணக்கம்.