ஒலி வந்ததும் தானாகப் பதிவாக வேண்டுமா? அளவை எங்கே வைப்பது?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “பாட்டி தாலாட்டு பாடுவதை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்ய ஆசை. பேசிக்கொண்டே இருப்பார், நினைவு வந்தால் பாடுவார். அதனால் ஒலி வந்ததும் தானே தொடங்கும்படி வைத்தேன். முதலில் மின்விசிறிச் சத்தம்தான் மணிக்கணக்கில் பதிவானது. அளவை ஏற்றினேன், பாட்டு துண்டு துண்டாக வந்தது. எந்த எண்ணை வைக்க வேண்டும்?”

அருமையான முயற்சி. ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற எண் கிடையாது. உங்கள் அறைதான் அதை முடிவு செய்யும்.

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ரெக்கார்டிங். இதோ, சவுண்ட் ஆக்டிவேட்டட் ரெக்கார்டிங். பதிவு தொடங்கும் எல்லை வழக்கமாக மைனஸ் 50 டெசிபல் (ஒலியளவின் அலகு) இருக்கும். இங்கே பூச்சியம்தான் உச்சம்; கீழே போகப் போக மைனஸ் கூடும். மைனஸ் 20 என்றால் உச்ச அலையின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 40 என்றால் நூறில் ஒரு பங்கு.

இதை உடனே தொடாதீர்கள். பாட்டி உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து, மின்விசிறி ஓடட்டும், யாரும் பேச வேண்டாம். மைக் ஒலியின் அளவைக் காட்டும் பதிவு மீட்டரைச் சொடுக்கினால் பதிவு செய்யாமலேயே அளவு தெரியும். மைனஸ் 48 பக்கம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பாட்டியை மெல்லிய குரலில் பாடச் சொல்லுங்கள். அது மைனஸ் 30 என்றால், மைனஸ் 42 வைத்துப் பார்க்கலாம். விசிறிக்குச் சற்று மேலே, மெல்லிய குரலுக்கு நன்றாகக் கீழே. இரண்டுக்கும் இடைவெளியே இல்லையென்றால் எண்ணை மாற்றிப் பயனில்லை; மைக்கைப் பாட்டிக்கு அருகில் நகர்த்துங்கள், விசிறி வேகத்தைக் குறையுங்கள். மைக் ஒலியளவைப் பிறகு மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். மைக்கின் ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி கணினியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அமைதியான நேரத்தில் அது இரைச்சலைத் தூக்கிக் காட்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு குறை நீங்காது. எல்லையைத் தாண்டிய பிறகுதான் பதிவு விழித்துக்கொள்கிறது. “கண்ணே” என்று தொடங்கினால், ‘க்’ மிகச் சன்னமான ஒலி. அது போய்விட்டு உயிரொலியிலிருந்து பதிவாகலாம். வரி முடிவில் குரல் தேயும்போதும் அப்படியே. பாட்டி மூச்சு விடுகிற இடைவெளிகளும் மறைந்து, வரிகள் ஒட்டிக்கொள்ளும். தாலாட்டில் அந்த இடைவெளியும் பாட்டுதான்.

அதனால் உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது: இந்த வசதியை அணைத்துவிட்டு, தொடர்ந்து பதிவு செய்யுங்கள். இடத்துக்கு அஞ்ச வேண்டாம். மோனோ (ஒற்றைச் சேனல்), பதிவின் தரம் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் மணிக்குச் சுமார் 318 எம்பி. 32 பிட் என்றால் அதில் இரு மடங்கு. மாலை முழுதும் ஓடினாலும் பென் டிரைவில் அடங்கும். இரவில் எப்போதாவது கூவும் ஆந்தைக்காக மைக் வைக்கிறீர்கள் என்றால் தானியங்கி பதிவு சரி. ஆந்தை நாளையும் கூவும்.

பதிவை முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பேச்சுப் பகுதிகளைக் கையால் வெட்டுங்கள். நீண்ட மௌனங்களைச் சுருக்க எஃபெக்ட் மெனுவில் டிரங்கேட் சைலன்ஸ் இருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை அளவு தர வேண்டும். விசிறிச் சத்தத்துக்கு மேலே வைத்தால்தான் அதை மௌனமாக எடுத்துக்கொள்ளும். தவறினால் கன்ட்ரோல் இசட் அழுத்தி, வேறு அளவில் முயலலாம்.