ஆலயக் கதவை ராத்திரியில் யாருக்குத் திறக்கிறோம்?

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலம் வந்தால், வேதாகமத்தில் மெய்யான உபவாசம் எது என்று சொல்கிற ஏசாயா 58 வாசிக்காத சபை நம்மிடம் கிடையாது. வாசிக்கிறோம், ஆமென் சொல்கிறோம், ஒரு வேளை சாப்பாட்டை விட்டு அந்தக் காசைக் காணிக்கையில் போடுகிறோம். நல்லதுதான். ஆனால் ஏழாம் வசனம் பசியுள்ளவனுக்கு ஆகாரம் கொடுப்பதோடு நிற்கவில்லையே, “துரத்துண்ட சிறுமையானவர்களை வீட்டிலே சேர்த்துக்கொள்ளுகிறதும்” என்று தொடர்கிறதே! முதல் பாதியைச் செய்கிறோம், வீடில்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிற இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் சென்னையில் பாரிமுனைப் பக்கம், வால்டாக்ஸ் சாலைப் பக்கம், கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள். அங்கே படுத்திருப்பவர்கள் நேற்று ரயிலேறி வந்தவர்கள் இல்லை. தாத்தா காலத்திலிருந்து அதே நடைபாதையில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. மூட்டை தூக்குகிறார்கள், வண்டி இழுக்கிறார்கள், பூ கட்டி விற்கிறார்கள். உழைக்காதவர்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒற்றை அறைக்கே பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் ஊரில் அன்றாடக் கூலிக்காரர் எங்கே போவார்? அரசு வீடு கொடுத்தாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கிடைக்கிறது, அங்கிருந்து விடியற்காலை சந்தை வேலைக்கு வந்து சேர முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு.

கிறிஸ்துமஸ் வந்தால் நாம் பிரியாணிப் பொட்டலமும் போர்வையும் கொண்டுபோகிறோம். அவர்களுக்கு வேண்டியது ராத்திரியில் பூட்டாத ஒரு கழிப்பறை, வயதுக்கு வந்த பெண் மறைவாகக் குளிக்க ஒரு இடம், மழை வந்தால் பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் ஆதார் அட்டையும் நனையாமல் வைக்க ஒரு பெட்டி. தெருவில் படுக்கிற பெண்கள் ஒரு ராத்திரியாவது அயர்ந்து தூங்குகிறார்களா என்று நாம் கேட்டிருக்கிறோமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். எண்ண வருகிறவர் கண்ணில் பட்டவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இது புதுசாக யாரோ சொல்கிற சமூக சேவை இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே செசரியா நகரத்துப் பிஷப் பசிலியு ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் தங்குமிடம் கட்டினார். கொன்ஸ்தாந்திநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பிஷப்பாக இருந்த யோவான் கிறிசோஸ்தோமு இன்னும் ஒரு படி மேலே போய், உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் கிறிஸ்துவுக்கு என்று ஒரு அறை ஒதுக்குங்கள், கட்டிலும் மேசையும் விளக்கும் வையுங்கள் என்று பிரசங்கம் செய்தார். அதெல்லாம் சபை பார்த்துக்கொள்ளும், சபைக்குத்தான் பணம் இருக்கிறதே என்று அன்றைக்கும் சொன்னார்கள். இன்னொருவன் ஜெபிக்கிறான் என்பதற்காக நீ ஜெபிக்காமல் இருப்பாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது. அப்புறம் 1887-இல் லண்டன் பாலத்தடியில் ஆட்கள் படுத்திருப்பதைப் பார்த்த வில்லியம் பூத், இரட்சண்ய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கியவர், போய் ஏதாவது செய் என்று மகனிடம் சொன்னார். அடுத்த வருஷமே அந்தச் சேனையின் தங்குமிடம் திறந்துவிட்டது.

சரி, நம்மால் முடியுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிந்ததே! பள்ளிவாசல்கள் திறந்தன, ஆலயங்கள் திறந்தன, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஹாலில் முன்பின் தெரியாதவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். யார், என்ன ஜாதி, குடிப்பாரா என்று அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் பூட்டிவிட்டோம். நடைபாதையில் இருப்பவருக்கு அந்த வெள்ளம் இன்னும் வடியவில்லை.

பயம் இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்கவில்லை. குடித்துவிட்டு வருகிறவர் இருப்பார், மனநலம் பாதித்தவர் இருப்பார். வெறும் அன்பு மட்டும் அங்கே போதாது, பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அதற்கு நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1993-இல் இரண்டு இளம் பெண்கள் சென்னையில் ‘தி பேன்யன்’ அமைப்பைத் தொடங்கி, தெருவில் திரிந்த மனநலம் பாதித்த பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அது சபை நடத்துகிற அமைப்பும் இல்லை. அரசும் தப்பிக்க முடியாது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. மாநகராட்சியிடம் அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதும் ஊழியம்தான்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், சாப்பாட்டுக்கு முன்னால் பிரசங்கம் கேட்டாக வேண்டும் என்று அவர்களை உட்காரவைக்காதீர்கள். “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்ற மத்தேயு 25-இல் அப்படி ஒரு நிபந்தனை எங்கேயும் இல்லை.

அடுத்த மாதம் உங்கள் சபைக் கமிட்டி கூடும்போது சுற்றுச்சுவர் பெயிண்ட், ஏசி, ஒலிபெருக்கி எல்லாம் பேசுவீர்கள், பேசுங்கள். அதோடு மூன்று கேள்விகளையும் எழுதிவையுங்கள்: ஆலய வளாகத்துக் கழிப்பறையை ராத்திரியில் பெண்களுக்குத் திறந்துவைக்க முடியுமா, மழைக்காலம் முழுக்க ஹாலைக் கொடுக்க முடியுமா, அங்கே முறைவைத்துக் காவலிருக்க எத்தனை பேர் பெயர் கொடுப்பார்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.