வெள்ளைக்கல் வெட்டப் போனவர் பர்மாவில் செத்த கதை

வணக்கம் நேயர்களே. இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கள் ஆயாவின் தம்பி அவர். எனக்குத் தாத்தா முறை வேண்டும், ஆனால் செத்தபோது வயது 22தான் என்பதால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் அவரைச் 'சின்னவர்' என்றுதான் சொல்வோம். அவர் பெயரில் சிலை கிடையாது, தெரு கிடையாது. அதனால்தான் அவரைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டுகிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட், எஃகு உலைகளுக்கு உள்ளே பதிக்கிற செங்கல் அதிலிருந்துதான் வருகிறது. மீசை முளைக்கும் முன்பே அப்பாவோடு சுரங்கத்துக்குப் போய்விட்டார் சின்னவர். பாறையில் தமர் போடுவது, அதாவது துளை போடுவது, அதில் வெடிமருந்து கிட்டிப்பது, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்து மறைவில் குந்திக்கொள்வது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். சாயங்காலம் ஆனால் சடுகுடு. சேர்வராயன் கோயில் திருவிழா வந்தால் பையன்கள் எல்லோரும் நடந்தே மலையேறுவார்கள், அதில் இவர்தான் முன்னால் போவாராம். ஆயா இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், தம்பி ஏதோ நேற்றுதான் ஏறி இறங்கிய மாதிரி.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி உள்ளூர்களுக்கு வந்துவிட்டார்கள். பர்மா அரிசி நின்றுபோய் விலை ஏறியது. மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவதும் நின்றது, அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்குச் சேலம் என்றாலே ஜவ்வரிசி என்கிறோமே, அதன் தொடக்கம் இந்தப் போர்தான்.

வீட்டில் சாப்பிடும் வாய்கள் ஏழு, சம்பாதிப்பவர்கள் இரண்டு பேர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று வேளைச் சோறு போட்டு மாதாமாதம் வீட்டுக்கு மணியார்டரும் வரும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். கல்லும் வெடியும் தெரிந்த கையை விடுவார்களா? பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். சாப்பர் என்றால் படைக்கு முன்னால் போய்ப் பாலம் கட்டுபவன், ரோடு போடுபவன், கண்ணிவெடியைத் தோண்டி எடுப்பவன். அந்தப் படைக்காரர்களைப் பட்டாளம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், இன்றைக்கும் அப்படித்தான். ஜோலார்பேட்டையில் வண்டி மாறிப் போனவர் அப்புறம் ஒரே ஒரு லீவில்தான் வந்தார்.

அவர் எழுதிய கடிதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. பட்டாளத்துக் கடிதத்தில் இருக்கும் இடத்தை எழுதக்கூடாது, எழுதினால் மை பூசி அழித்துவிடுவார்கள். இதிலும் ஒரு வரி கறுப்பாக இருக்கிறது. மற்றபடி வீட்டு விசாரிப்புதான்: கொல்லை மாமரம் காய்த்ததா, அக்காவுக்கு இடம் பார்த்தாயிற்றா, பணம் ஒழுங்காக வருகிறதா. மலேரியாவுக்குத் தினமும் ஒரு மாத்திரை தின்று உடம்பே மஞ்சளாகிவிட்டது, நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். மெபாக்ரின் என்கிற அந்த மாத்திரை உண்மையிலேயே தோலை மஞ்சளாக்கும். அது இல்லாமல் முடியாது, ஏனென்றால் 1943இல் பர்மா முனையில் காயம்பட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால் நோயில் விழுந்து 120 பேர் வந்தார்கள்.

1944இல் இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பான் படையைத் தடுத்து நிறுத்திவிட்டு, அப்புறம் நம் ஆட்கள் சிந்த்வின் ஆற்றையும் ஐராவதியையும் தாண்டிப் பர்மாவுக்குள் போனார்கள். 1945 மார்ச்சில் மெய்க்டிலா ஊரைச் சுற்றி நடந்த சண்டையில் ஜப்பான் சிப்பாய்கள் ரோட்டில் குழி தோண்டி, விமானக் குண்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள், டாங்கி மேலே வந்ததும் குண்டைத் தட்டிவிட. அப்படிப்பட்ட ரோட்டில் முதலில் காலை வைப்பது சாப்பர்தான். சின்னவர் செத்தது அந்த மாதம், அந்தப் பக்கம். அடுத்த மே மாதத் தொடக்கத்தில் ரங்கூனைப் பிடித்தாயிற்று, ஆகஸ்டில் போரே முடிந்துவிட்டது.

தந்தி வந்தது, உடம்பு வரவில்லை. தந்தியைப் படித்துச் சொன்னவர் தேதியை விட்டுவிட்டார், தந்தியும் பிறகு காணாமல் போனது. திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமானது.

என் மனசில் இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1939இல் சென்னை மாகாண முதன்மந்திரி. நம்மைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தபோது அவரும் பதவியை விட்டார். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு. அப்படியிருக்க, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் செத்தவனை யார் தியாகி என்பார்கள்? இம்பாலில் எதிர்ப்பக்கம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் நின்றது, அதில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம், அவர்களில் பலருடைய பூர்வீகம் நம் சேலம், திருச்சிப் பக்கம்தான். அவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் சம்பளத்துக்குப் போனவன் என்று சின்னவரைத் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு வயிற்றுக்குச் சோறு போடப் போன பையன் அவர். அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், 87,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இப்படிப் போனவர்கள்தான்.

அவரைக் கண்டுபிடித்தது என் மகன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு உலகப் போரிலும் செத்தவர்களின் பட்டியலை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. சின்னவர் பெயர், அப்பா பெயர், சேலம் ஜில்லா, செத்த தேதி எல்லாம் அதில் இருந்தன. யாங்கோனுக்கு, அதாவது அந்தக் காலத்து ரங்கூனுக்கு, வடக்கே டவுக்கியானில் உள்ள நினைவுத் தூண்களில், உடல் கிடைக்காத சுமார் 27,000 பேரோடு அவர் பெயரும் வெட்டியிருக்கிறது. தேதி தெரிந்த வருஷத்திலிருந்து திதி பார்த்துக் கொடுக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது இருந்தால் தேடிப் பாருங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அதனால் நாலைந்து விதமாக எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடவேண்டும். அப்பா பெயரையும் சேர்த்துப் பாருங்கள். படை எண் போட்ட பழைய மணியார்டர் ரசீது, பென்ஷன் காகிதம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருந்தால் வேலை சுலபம், எண்ணை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். வணக்கம்.